அம்மாவின் நாவலில் வருகிறவர் அம்மாதானா?

உங்கள் கேள்வியை நிதானமாக இரண்டு தடவை படித்தேன். குடியாத்தத்தில் பிறந்த உங்கள் அம்மா 1968-ல் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, 2004-ல் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றார். அதற்கப்புறம்தான் நாவல் எழுத உட்கார்ந்தார். 2008-ல் ஒன்று, 2013-ல் ஒன்று அச்சில் வந்தன. மூன்றாவது, நோட்டுப் புத்தகங்களில் பாதியில் நிற்கிறது. அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மா போன வருடம். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் அவருடைய வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதி, உறவினர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் கொடுக்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது, என்னென்ன திரட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இது மேலே தெரிகிற கேள்வி. உங்களைத் தூங்கவிடாத கேள்வி கடைசி நாலு வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டாவது நாவலில், நெசவுத் தெருவில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், ஒரு வயதுப் பையனைத் தன் தாயிடம் விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறாள். பஸ் ஏறும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் அண்ணன் இரண்டு வருடம் போல ஆயா (பாட்டி) வீட்டில் வளர்ந்தவர். "ஊரே படிக்கிற மாதிரி என்னை விட்டுட்டுப் போனதை எழுதிட்டாங்க" என்று அவர் இன்றுவரை அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. அந்தப் பெண் அம்மாதானா, அதை வாழ்க்கை வரலாற்றில் எழுதலாமா என்கிறீர்கள். ஆரம்பம், திரட்டு, அச்சு எல்லாவற்றையும் இந்த ஒன்று முடிவு செய்யும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தமிழ் படித்தவன். வேலூரில் அச்சகங்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் மெய்ப்புத் திருத்துவதும் பிரதியைச் செம்மையாக்குவதும் பல வருடங்களாக என் பிழைப்பு. நினைவு மலர்களும், ஓய்வு பெற்றவர்கள் எழுதிய தன்வரலாறுகளும், முதல் நாவல்களும் நிறைய என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. பிரதிகளைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். சட்டம் பற்றிச் சொல்வது, வேலைக்காகத் தெரிந்துகொண்ட அளவுதான். உங்கள் அம்மாவின் நாவல்களை நான் படித்ததில்லை. நீங்கள் கேள்வியில் எடுத்துப் போட்டிருந்த ஒரு பத்தியை மட்டும் படித்திருக்கிறேன்.

முதலில் உறுதியான விஷயம். நாவலில் நடந்தது என்பதற்காக அது வாழ்க்கையில் நடந்தது என்று எழுதக் கூடாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஓய்வுக்குப் பிறகு முதல் நாவல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் வாழ்க்கையிலிருந்துதான் எடுக்கிறார்கள், சரி. ஆனால் எடுத்ததை அப்படியே வைப்பதில்லை. தனக்கு நடந்ததை அக்காவுக்குக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்ட அழுகையைத் தன் கதாநாயகிக்குக் கொடுப்பார்கள். செய்ய நினைத்துச் செய்யாமல் விட்டதைச் செய்ததாக எழுதுவார்கள். ஆரணிப் பக்கத்து அம்மா ஒருவர் தன் நாவலில் கணவனைச் சிறு வயதிலேயே சாகடித்திருந்தார். நிஜக் கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு மெய்ப்புப் படித்துக் காட்டினார். "அவரு இருந்தா இந்தப் பொண்ணு எதையும் தனியா முடிவு பண்ண மாட்டாளே, அதனாலதான்" என்றார் அந்த அம்மா. கதைக்குத் தேவைப்பட்டது, செய்தார். நாற்பது வருடம் கழித்து அவர் பேரன் அந்த நாவலை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டியின் வரலாற்றை எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்கலாம். அண்ணன் பிறந்தது 1965 என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா பயிற்சி முடித்து 1968-ல் வேலையில் சேர்ந்தார். அன்றைய இடைநிலை ஆசிரியர் பயிற்சி இரண்டு வருடம். ஆக, பையன் கைக்குழந்தையாக இருந்தபோதுதான் அம்மா பயிற்சியில் இருந்திருக்கிறார் என்பது கிட்டத்தட்ட உறுதி. பயிற்சிச் சான்றிதழில் சேர்ந்த மாதமும் முடித்த மாதமும் இருந்தால் "கிட்டத்தட்ட" என்பதையும் எடுத்துவிடலாம். குழந்தை ஆயா வீட்டில் இருந்தது அண்ணனே சொல்வது, அதுவும் உறுதி. அம்மா விடுதியில் தங்கினாரா, வாரா வாரம் வந்து போனாரா, வேலூருக்குத் தினமும் ரயிலில் போய்வந்தாரா என்பதெல்லாம் இன்னும் தெரியாதவை. போனது அவர் முடிவா, கணவர் அனுப்பி வைத்ததா, ஆயாவே "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றாரா என்பதும் தெரியாது. அன்றைய நெசவுக் குடும்பத்தில் தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். ஒரு பெண்ணின் மாதச் சம்பளம் என்பது குடும்பமே கூடிப் பேசி எடுத்த முடிவாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அதுவும் வாய்ப்புதான், சான்று இல்லை. கடைசியாக, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறியது. அது நாவலில் மட்டும் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். உங்கள் நூலில் அதைச் சொல்ல வேண்டுமென்றால் "அம்மா தன் இரண்டாவது நாவலில் இப்படி ஒரு காட்சி எழுதினார்" என்று சொல்லலாம். "அம்மா இப்படிச் செய்தார்" என்று சொல்லக் கூடாது. படிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள்தான். அது அவர்கள் உரிமை.

அப்படியானால் நாவல்களால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு என்ன நடந்தது என்பதற்கு நாவல் சாட்சி ஆகாது. அம்மா எதைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நீங்கள் எடுத்துப் போட்ட பத்தியையே பார்ப்போம். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) நீட்டிக் கஞ்சி போடுகிறார்கள். மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். மருமகள் பிரஷ்ஷால் நூலை நீவிக்கொண்டே நடக்கிறாள். அறுந்த இழை கண்ணில் பட்டதும் நிற்கிறாள், எச்சில் தொட்டு முடிகிறாள், நடக்கிறாள். திண்ணையில் குழந்தை அழுகிறது. அவள் நிற்பது இழைக்காகத்தான். குழந்தைக்காக நின்றால் கஞ்சி காய்ந்துவிடும். இதை எழுதியவர் பாவு போடும் தெருவில் நடந்தவர், நின்று பார்த்தவர். எச்சில் தொட்டு முடிவதை வாத்தியார் வேலையில் கற்றுக்கொள்ள முடியாது. முப்பத்தாறு வருடம் சாக்பீஸ் பிடித்த கை, அறுபது வயதுக்கு மேல் அந்த இழையை எழுதியிருக்கிறது என்றால் அது இத்தனை வருடமும் அவருக்குள் இருந்திருக்கிறது. இதை நீங்கள் தைரியமாக எழுதலாம், யாரும் மறுக்க முடியாது.

ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு நாவல்களையும் மறுபடி படியுங்கள், இந்தத் தடவை கதைக்காகப் படிக்காதீர்கள். பென்சிலை வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரிகளை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். கவுண்டன்ய ஆற்று மணல், வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் எந்தத் தெரு முனையில் நின்றால் நன்றாகத் தெரியும், ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால் கடைசி வண்டியில் வந்து இறங்குகிற பெண் என்ன செய்வாள், மதிய உணவுக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் எவன் தட்டை மறைத்துப் பிடிப்பான். இப்படிப்பட்ட வரிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினால், உங்கள் அம்மா தினமும் எந்த வழியாகப் போனார், எங்கே நின்றார், யாரைப் பார்த்தார் என்று ஒரு படம் வரும். எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறது, எதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் பாருங்கள். இல்லாததை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அது கேள்வி கேட்க உதவும், அவ்வளவுதான்.

அடுத்து, "ஓய்வுக்குப் பிறகு எழுத்தாளரானார்" என்ற உங்கள் வாக்கியம். இதை நான் ஏற்கத் தயங்குகிறேன். ஓய்வுக்குப் பிறகு நேரம் கிடைத்தது, புத்தகம் வந்தது. எழுத்து அப்போதுதான் ஆரம்பித்தது என்பதற்கு என்ன சான்று? ஐம்பத்தெட்டு வயதில் திடீரென்று நாவல் வராது. அதற்கு முன்னால் எங்கேயோ, வேறு பெயரில், வேறு காகிதத்தில் அது இருந்திருக்கும். ஆசிரியைகள் விஷயத்தில் எங்கே தேட வேண்டும் என்று எனக்கு ஓரளவு தெரியும். பாடக்குறிப்பு ஏடுகளைப் பாருங்கள்; வாரா வாரம் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டிய அந்த ஏடுகளின் பின்பக்கங்களில் என்னென்னவோ இருக்கும். ஆண்டு விழா நாடகங்களை எழுதியது யார் என்று விசாரியுங்கள். பல பள்ளிகளில் ஒரே டீச்சர்தான் வருடா வருடம் எழுதுவார், அழைப்பிதழில் அவர் பெயர் இருக்காது. வழியனுப்பு விழாக்களுக்கு வாழ்த்துப்பா, சங்கப் பத்திரிகைக்குக் கட்டுரை, தொண்ணூறுகளின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் கலந்துகொண்டிருந்தால் அதற்காக எழுதிய பாட்டு, நாடகம், இவையெல்லாம் நாவலுக்கு முந்தைய எழுத்துகள். கடிதங்களை மறக்காதீர்கள். உறவினர் வீடுகளில் பழைய நீல இன்லேண்டுகள் இன்னமும் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். முகவரியில் பின்கோடு இல்லாவிட்டால் அது 1972 ஆகஸ்டுக்கு முந்தையதாக இருக்கலாம் (பின்கோடு வந்த பிறகும் போடாமல் விட்டவர்கள் உண்டு, ஆகவே தபால் முத்திரையைப் பாருங்கள்).

பணிக்காலத்துக்கு அடிப்படை ஆவணம் பணிப்பதிவேடு, எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது. அதன் நகல் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பீரோவைப் பாருங்கள். ஓய்வூதிய ஆணையோடு சேர்த்து வைத்திருப்பது வழக்கம். இல்லாவிட்டால் கடைசியாக வேலை பார்த்த ஒன்றியத்தின் கல்வி அலுவலகத்துக்கு வாரிசு என்ற முறையில் எழுதிக் கேளுங்கள். கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, கேட்பதில் நஷ்டமில்லை. எந்த ஊரில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எங்கே மாற்றினார்கள், எப்போது விடுப்பு எடுத்தார் எல்லாம் அதில் வரும். நீங்கள் பிறந்தபோது எடுத்த பேறுகால விடுப்பு இருக்கும். அண்ணன் பிறந்தது வேலைக்கு முன்னால் என்பதால் இருக்காது. முத்திரைகளிலேயே மாவட்டத்தின் கதை தெரியும்: முதலில் வட ஆற்காடு, 1989-ல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு வட ஆற்காடு அம்பேத்கர், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வேலூர். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தது அவர் ஓய்வுக்குப் பிந்தையது. நூலில் ஊர் சொல்லும்போது அந்தந்தக் காலத்துப் பெயரையே போடுங்கள். 1970-ல் அம்மா "வேலூர் மாவட்டத்தில்" வேலை பார்க்கவில்லை. பிறந்த தேதி மட்டும் சந்தேகத்துக்குரியது. அந்தத் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிடுவது சர்வசாதாரணம். ஜாதகம் இருந்தால் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

எஸ்.ஆர். கையில் வந்தால் 2003-ஆம் வருடப் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். அந்த ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் சுமார் 1,70,000 பேரை அரசு ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகு பெரும்பாலோரை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் அம்மாவுக்கு அப்போது ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி. அவர் வேலைநிறுத்தத்தில் இருந்தாரா, பள்ளிக்குப் போனாரா, மன்னிப்புக் கடிதம் எழுதினாரா? உங்கள் கேள்வியில் இதைப் பற்றி எதுவும் இல்லை. ஓய்வூதியம் போய்விடுமோ என்று பயந்த அந்த வாரங்களைப் பற்றிப் பல வீடுகளில் அதற்குப் பிறகு பேசவே இல்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் அது அவர் வாழ்க்கையின் பெரிய முடிவுகளில் ஒன்று, நாவல் எழுத உட்காருவதற்குச் சற்று முன்னால் எடுத்தது.

ஆட்களிடம் பேசுவதைத் தள்ளிப் போடாதீர்கள். வயதில் மூத்தவர்களிடம் முதலில் போங்கள். "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவங்க" என்ற ஒரு பதில்தான் வரும். ஒடுகத்தூர்ப் பள்ளியில் கூட வேலை பார்த்த டீச்சர் என்று ஒருவரைக் குறிப்பிட்டிருந்தீர்கள் இல்லையா, அவரிடம் மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார், டப்பாவில் என்ன இருக்கும், சாயங்காலம் பஸ் தப்பிவிட்டால் என்ன செய்வார், எந்தப் பையனை அடித்திருக்கிறார், இன்ஸ்பெக்‌ஷன் அன்று எப்படி இருப்பார் என்று கேளுங்கள். பதில்கள் தானாக வரும், ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. இந்த வயதில் நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: வருடங்களை நம்ப முடியாது, இடங்களையும் ஆட்களையும் பெரும்பாலும் நம்பலாம், பேசிய வார்த்தைகளைப் பாதி நம்பலாம். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் சந்தோஷப்படுங்கள். இரண்டையும் எழுதுங்கள், சமரசம் செய்து மூன்றாவதாக ஒன்று உண்டாக்காதீர்கள்.

நோட்டுப் புத்தகங்களுக்கு வருகிறேன். இதில் அவசரப்பட்டால் திரும்பப் பெற முடியாது. எதையும் பிரிக்க வேண்டாம், அடுக்கை மாற்ற வேண்டாம். இருக்கிற வரிசையிலேயே அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். இடையில் செருகியிருக்கும் மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட் எல்லாம் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே வைத்துப் படமெடுங்கள்; தேதி கண்டுபிடிக்க அதுதான் உதவும். பக்க எண்ணை மெல்லிய பென்சிலால் மட்டும் போடுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சி இருந்தால் மற்றப் புத்தகங்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

கையெழுத்தில் தும்பிக்கை போட்ட பழைய லை, னை இருப்பதைப் பார்த்து "1978-க்கு முன் எழுதியது" என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978-ல்தான். ஆனால் ஐம்பதுகளில் எழுதப் பழகியவர்கள் கரும்பலகையில் பிள்ளைகளுக்காகப் புதிய எழுத்தும், வீட்டில் தனக்காக எழுதும்போது பழைய எழுத்தும் போட்டுவந்தது சாதாரணம். பழைய எழுத்து இருந்தால் காலம் சொல்ல முடியாது. பேனா மை, நோட்டின் அட்டையில் அச்சான விலை, உள்ளே செருகிய சீட்டு மூன்றும் சேர்ந்து ஒரே காலத்தைக் காட்டினால் நம்பலாம். அடித்தல் திருத்தல்களைக் கவனியுங்கள். அடித்த வரியும் அவர் எழுதியதுதான். வேறு நிற மையில் திருத்தியிருந்தால் பிறகு மறுபடி உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அச்சான இரண்டு நாவல்களின் கணினிக் கோப்புகளையும் இப்போதே தேடுங்கள். 2008-ல் டி.டி.பி. சென்டரில் அடித்தது என்றால் அது பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோட் (இன்றைய பொதுக் குறியீடு) அல்லாத எழுத்துருவில் இருக்கும். இன்றைய கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றிகள் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். மாற்றியபின் மூல நூலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பதிப்பகம் 1954-ஆம் வருட நூல் ஒப்படைப்புச் சட்டப்படி பிரதி அனுப்பியிருந்தால் சென்னை கன்னிமாரா நூலகத்தில் அச்சுப் பிரதி இருக்க வேண்டும். வேலூர் மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

எழுதும் முறை பற்றி. நினைவு மலர்களில் நான் அடிக்கடி அடிக்கும் வார்த்தைகள் அன்பின் வடிவம், பொறுமையின் சிகரம், தியாகச் சுடர். எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த வார்த்தைகளை எந்த அம்மாவுக்கும் போட்டுவிடலாம். பிறப்பு, கல்வி, திருமணம், பணி என்ற வரிசையிலும் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு வேலை நாளில் ஆரம்பியுங்கள். காலை நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பஸ் பிடித்து, சாயங்காலம் வந்து, நோட்டுத் திருத்திப் படுக்கிற வரை ஒரு நாள், தெரிந்தவரை மணிக்கணக்கோடு. ஒரு பெண் ஏன் ஐம்பத்தெட்டு வயது வரை நாவல் எழுதவில்லை என்பதற்கு வேறு விளக்கமே வேண்டியிருக்காது. அப்புறம் 2004-க்குப் பிந்தைய ஒரு நாளை எழுதுங்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நாற்காலியில் எழுதினார், யார் கூப்பிட்டால் எழுந்து போனார். நடுவில் இருக்கும் வருடங்கள் அந்த இரண்டு நாள்களுக்கு இடையில் வந்து உட்காரும். அவர் பேசியதை எழுதும்போது "இன்னா", "வூட்டுக்கு", "கீறாங்க" என்று வந்தால் அப்படியே விடுங்கள். வகுப்பில் இலக்கணத் தமிழும் வீட்டில் நம்ம ஊர்த் தமிழும் பேசியவர் அவர். இரண்டும் இருந்தால்தான் அவர் குரல் கேட்கும்.

குறைகளையும் எழுத வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உ.வே. சாமிநாதையர் தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934-ல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்தது 1876-ல். அத்தனை பக்தியோடு எழுதியவர், ஆசிரியர் பட்ட கடனையும் வறுமையையும் மறைக்கவில்லை. படிக்கிறவருக்கு அதனால் மரியாதை கூடத்தான் செய்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து எழுதியும் அந்த மனிதர் நம் முன் நடமாடுகிறார். ஆகவே நினைவு நாளுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற பதற்றமும் உங்களுக்கு வேண்டாம்.

அண்ணன் விஷயம். அவர் அந்த இரண்டு வருடங்களின் இன்னொரு சாட்சி. குழந்தையாக இருந்ததால் அவருக்கு நேரடி நினைவு குறைவாகவே இருக்கும், ஆனால் ஆயா சொல்லிக் கேட்டது, திரும்பி வந்த அம்மாவை முதலில் யாரென்று தெரியாமல் நின்றது போன்றவை இருக்கக்கூடும். அவரிடம் நாவலைப் பற்றிப் பேசாதீர்கள். ஆயா வீட்டைப் பற்றிக் கேளுங்கள். தறிக்குழி எங்கே இருந்தது, யார் சோறு ஊட்டினார்கள், அம்மா வரும் நாளில் என்ன நடக்கும். அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே, அவர் வார்த்தையிலேயே எழுதி, அச்சுக்குப் போகும் முன் அவரிடம் காட்டுங்கள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். உயிரோடு இருப்பவரின் குழந்தைப் பருவம் அவருடையது, நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். என் அனுபவத்தில், எழுதியதைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்ன பிறகு எடுக்கச் சொன்னவர்கள் குறைவு. தவறாக இருப்பதைத் திருத்தி, கூட நாலு வரி சொன்னவர்களே அதிகம். உங்கள் அண்ணனும் அப்படித்தான் செய்வார் என்று நான் சொல்ல முடியாது.

அவர் சம்மதம் சட்டப்படியும் வேண்டும். அம்மா உயில் எழுதவில்லை, நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்றால், அவர் எழுத்தின் பதிப்புரிமை அவர் பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக வருகிறது. ஆசிரியர் இறந்த அடுத்த வருட ஆரம்பத்திலிருந்து 60 வருடம் அது நீடிக்கும். இறந்த பிறகு முதன்முதலாக வெளியாகும் நூலுக்கு வெளியான வருடத்தை வைத்து 60 வருடம். பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் காலவரையறை எழுதாமல் விட்டிருந்தால் அது ஐந்து வருடம் என்றே சட்டம் கொள்ளும், எடுத்துப் பாருங்கள். மற்றவர்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் காகிதம் உங்களுடையது, எழுத்து எழுதியவருடையது. அச்சிடும் முன் அவர்களைக் கேட்க வேண்டும். இதில் ஏதாவது சிக்கல் என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள், என்னை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மூன்றாவது நாவலை நீங்களே முடித்துவிடலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இந்த வருடம் அதை எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்யும் வேலையை மட்டும் ஆரம்பியுங்கள். படிக்க முடியாத சொல்லுக்குச் சதுர அடைப்பு போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். வெளியிடும்போது அவர் நிறுத்திய வாக்கியத்திலேயே நிறுத்தி, "கையெழுத்துப் பிரதி இத்துடன் நிற்கிறது" என்று சிறிய எழுத்தில் போடுங்கள். கடைசி நோட்டின் பின்னட்டையில் கதைக் குறிப்பு இருப்பதாகச் சொன்னீர்களே, அதைப் பின்னிணைப்பாக, அவர் எழுதிய வரிசையிலேயே கொடுங்கள். நினைவு நாளுக்கு நாற்பது ஐம்பது பக்கத்தில் அந்த இரண்டு நாள்கள், டீச்சர் சொன்னது, அண்ணன் ஒத்துக்கொண்டால் அவர் சொன்னது, நாவல்களிலிருந்து அம்மாவின் கண் தெரிகிற சில பத்திகள், இவ்வளவு போதும். பயிற்சிச் சான்றிதழைத் தேடுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.